பட்டாளத்துத் தாத்தாவின் டிரங்குப் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, அங்கே நடந்ததைப் பற்றி வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவர்களைப் பற்றிய கேள்விகள்தான் இந்த மாதம் அதிகம். முன்னாள் படைவீரர்களின் ஆவணங்களைக் கையாண்டு பழகியவர்களும் மனநல மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா 1998-இல் காலமானார். நாற்பதுகளில் மிலிட்டரியில் இருந்தார் என்பதற்கு மேல் பாட்டிக்கே ஒன்றும் தெரியாது. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் நட்சத்திர வடிவில் ஒரு பதக்கமும் வட்டமாக இரண்டும் கிடைத்தன. ரிப்பன் எல்லாம் பூச்சி அரித்துவிட்டது. எங்கே போனார், என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, வேலூர் மாவட்டம்)

பதில்: முடியும். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டை உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். இருந்தாலும் நீங்களே செய்யக்கூடியது நிறைய உண்டு.

பெட்டிக்குள் தேடும் முன் பெட்டியையே பாருங்கள். மூடியிலோ முன்பக்கத்திலோ வெள்ளைப் பெயின்டில் எண், பதவி, பெயர், யூனிட் எழுதுவது பட்டாள வழக்கம். வீட்டுக்கு வந்தபின் மேலே வேறு பெயின்ட் அடித்திருந்தாலும் பரவாயில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகரத்தோடு ஒட்டினாற்போல் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய எழுத்தின் மேடு நிழல் விழுந்து தெரியும். பெயின்டைச் சுரண்டிவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து பதக்கம். இரண்டாம் உலகப்போரின் அறுமுனை நட்சத்திரங்களுக்கு ரிப்பன் இல்லாவிட்டாலும் கவலையில்லை. நடுவில் இருக்கும் வளையத்திலேயே பர்மா ஸ்டார், ஆப்ரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதுதான் அவர் போன திசை. '1939–1945 ஸ்டார்' என்று மட்டும் இருந்தால் களத்தில் இருந்திருக்கிறார், எந்தக் களம் என்பது அதில் தெரியாது. வட்டப் பதக்கங்களின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சிங்கம் ஒன்று இரட்டைத்தலை டிராகன் மேல் நின்றால் வார் மெடல். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல். இரண்டு சிங்கங்களுக்கு நடுவே ஓக் மரமும் கிரீடமும் இருந்தால் டிஃபென்ஸ் மெடல். கடைசி இரண்டையும் ஒரே ஆளுக்குத் தருவதில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அண்ணன் தம்பி இருவருடையதும் கலந்துபோயிருக்கக்கூடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இந்தியப் பதக்கமாக இருந்தால் இன்னும் எளிது. விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு வெட்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: 1965 போருக்கான ரக்ஷா பதக்கமும் 1971 போருக்கான சங்கிராம் பதக்கமும் பரவலாகத் தரப்பட்டவை. அவற்றை வைத்து 'தாத்தா போர்முனையில் நின்றார்' என்று சொல்லிவிட முடியாது. 1965-க்கு சமர் சேவா ஸ்டார், 1971-க்கு கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார் இருந்தால்தான் களத்துக்குப் போனதற்கு அத்தாட்சி.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிஸ்சார்ஜ் புக். சிறிய புத்தகம், பெரும்பாலும் நாலாக மடித்த ரேஷன் கார்டோடும் பத்திரங்களோடும் கிடக்கும். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, காரணம், பதக்கங்கள், நடத்தைக் குறிப்பு எல்லாம் அதில் உண்டு. அது கிடைக்காவிட்டாலும் சேவை எண் கிடைத்தால் போதும். இந்திய ராணுவத்தில் சிப்பாயின் கோப்பு டெல்லியில் இருக்காது, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில்தான் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாலம், கண்ணிவெடி வேலை பார்க்கும் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல்தொடர்புப் படையான சிக்னல்சுக்கு ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் படையான இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. லண்டனுக்கு எழுதிப் பணத்தை வீணாக்கவேண்டாம். அங்கே இருப்பவை யூனிட்டுகளின் போர் நாட்குறிப்புகள். தனித்தனி இந்தியச் சிப்பாய்களின் கோப்பு அங்கே போகவில்லை.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், பழைய ஊர்–தாலுகா–ஜில்லா, தோராயமான ஆண்டுகளைக் குறிப்பிடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் ஆதார் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது. 'தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதினால் கடிதம் கிடப்பில்தான் போகும். சேர்ந்த தேதி, இருந்த யூனிட்டுகள், பணியாற்றிய களங்கள், உரிய பதக்கங்கள், காயம் பட்ட விவரம் என்று ஐந்தே கேள்வியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

எங்கே இடிக்கும் தெரியுமா? பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்பை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 'ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன' என்று ஒரு வரிப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 'லாங் ரோல்' என்ற பேரேட்டை அழிப்பதில்லை. 'லாங் ரோல் பதிவின் சுருக்கம் வேண்டும்' என்று அந்தச் சொல்லையே போட்டு மறுபடி எழுதுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் இரண்டாவது இடறல். முனுசாமி அங்கே முனிசாமியாக இருப்பார். ஊரும் அப்படித்தான்: வேலூர்க்காரருக்கு நார்த் ஆர்க்காடு, திருச்சிக்காரருக்கு டிரிச்சினாப்பொலி, நெல்லைக்காரருக்கு டின்னவெல்லி.

கேள்வி: பதக்கம் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், தேனி)

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, பிராசோ, விபூதி எதுவும் கூடாது. தேய்க்கத் தேய்க்க முதலில் போவது விளிம்பில் உள்ள பெயரும் எண்ணும்தான். அவை போனால் அது வெறும் உலோகத் துண்டு. மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். ரசகற்பூர உருண்டையை அதோடு போடாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்குக்கு லேமினேஷன் போடுவதும் செலோடேப் ஒட்டுவதும் இதே ரகத் தவறுதான். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்தது கிழிந்தபடியே ஸ்கேன் எடுத்துவிட்டு உறையில் வையுங்கள்.

கேள்வி: அப்பா 1988-இல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்வந்தார். இப்போது வயது 67. அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். டிவியில் இலங்கைச் செய்தி ஓடினால் சேனலை மாற்றுவார். ராத்திரியில் சில நாள் கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார், ஒருமுறை அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். என் மகன் பள்ளி புராஜெக்டுக்காகத் தாத்தாவைப் பேட்டி எடுக்கவேண்டும் என்கிறான். கேட்கச் சொல்லலாமா? (வாசகி, சிவகங்கை)

பதில்: அந்தப் பேட்டியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், காரணம் சொல்கிறோம்.

அமைதிப்படை 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டிப் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவு திரும்பியது. இந்தியத் தரப்பில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். மற்ற மாநிலச் சிப்பாய்க்கு அது வெளிநாட்டுப் போர். தமிழ்ச் சிப்பாய்க்கோ, எதிரே நிற்கும் கிழவி 'தம்பி' என்று கூப்பிட்டது புரிந்தது. தமிழ் தெரியும் என்பதாலேயே சோதனைச் சாவடிகளில் பேசுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது வரவேற்பும் இல்லை. அப்போதைய முதல்வர் கருணாநிதி, ஈழத்தமிழர்கள் மீது அந்தப் படை நடத்திய தாக்குதலைக் காரணம் காட்டி, சென்னையில் வரவேற்கப் போக மறுத்துவிட்டார். ஊரிலும் டீக்கடையிலும் அதே பேச்சு. 1965, 1971-இல் போய்வந்தவர்களுக்கு ஊரில் ஒரு கதை சொல்ல இடமிருந்தது. இவர்களுக்கு அதுகூட இல்லை. எனவே வாயை மூடிக்கொண்டதற்கு அச்சம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். யாரிடம் சொன்னாலும் ஒரு பக்கம் குற்றவாளியாக நிற்கவேண்டும் என்பதும் காரணம்.

பேரன் இணையத்தில் தேடினால் 1987 அக்டோபர் 21, 22-இல் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டதைப் படிப்பான். அது நடந்த விஷயம், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 'தாத்தா, நீங்க அங்க இருந்தீங்களா?' என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் அப்பா போனது 1988-இல். அங்கே போன பட்டாலியன்கள் பல, ஒவ்வொன்றும் இருந்த இடமும் காலமும் வேறு. இதைப் பையனுக்கு நீங்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள். புராஜெக்டுக்கு ஒப்பந்தத்தையும் தேதிகளையும் எழுதட்டும், தாத்தாவின் வாக்குமூலம் தேவையில்லை. 'எத்தனை பேரைச் சுட்டீங்க?' என்ற கேள்வியை இந்த வீட்டில் எவரும், விளையாட்டாகக்கூட, கேட்கக்கூடாது.

இனி ராத்திரி விஷயம். அவர் கத்தும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். தலைமாட்டில் குனிந்து நிற்கவும் கூடாது. அரைத்தூக்கத்தில் அவருக்கு அது மேலே விழும் ஆள். அம்மாவின் கை முறுகியது அதனால்தான், வெறுப்பினால் அல்ல. கால்மாட்டுப் பக்கமோ வாசற்படியிலோ நின்று விளக்கைப் போடுங்கள். பெயரைச் சொல்லி, அல்லது வழக்கமாகக் கூப்பிடும் முறையில், 'வீட்லதான் இருக்கீங்க, சிவகங்கையில இருக்கீங்க' என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தெளிந்தபின் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று கேட்காதீர்கள். அம்மா கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுப்பது நல்லது, அதைச் சண்டையாக நினைக்கவேண்டாம். தீபாவளிக்குப் பத்தாயிரம் வாலா வெடிக்கப்போகும் பக்கத்து வீட்டுப் பையனிடம் நேரத்தைக் கேட்டு அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதி சத்தம்தான்.

மருத்துவரிடம் காட்டவேண்டும். இரண்டு காரணங்கள். ஒன்று, இது போர் அதிர்ச்சியின் பின்விளைவாக இருந்தால் முப்பத்தைந்து வருடம் கழித்தும் சிகிச்சைக்குக் கட்டுப்படும். வேலை, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று ஓடியவரை அமுங்கிக் கிடந்தது, ஓய்வுபெற்று உட்கார்ந்ததும் மேலே வருவது சகஜம். இரண்டு, அறுபதுக்கு மேல் புதிதாகத் தூக்கத்தில் கைகால் வீசத் தொடங்கினால் அது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்கு முன்னோடியாக இப்படி வருவதுண்டு. எப்போது தொடங்கியது என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அதுதான் திறவுகோல். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரை வாங்கலாம். வர மறுத்தால் 'தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்' என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் கூப்பிடலாம்.

கேண்டீன் ரம்மையும் தூக்க மாத்திரையையும் சேர்த்து எடுக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தப்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். 'செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்' என்ற ரீதியில் பேச்சு வந்தால் நாள் பார்க்காதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா மலேயா தோட்டத்தில் இருந்தார். 'பர்மாவுக்குப் போனார், ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்தார்' என்று வீட்டில் சொல்வார்கள். அவர் மட்டும் எதுவும் சொன்னதில்லையாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டில் பெயர் இல்லை என்று பதில் வந்துவிட்டது. பொய்யா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: பொய் என்று அவசரப்படாதீர்கள். தப்பான கதவைத் தட்டியிருக்கிறீர்கள். ஐ.என்.ஏ.வில் இருந்தவர்கள் இரண்டு வகை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள் ஒரு வகை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தோட்டத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் சேர்ந்த சாதாரண மக்கள் இன்னொரு வகை. அவர்களில் தமிழர்கள் ஏராளம். இந்த இரண்டாம் வகையினர் பிரிட்டிஷ் ராணுவத்தில் என்றுமே இருந்ததில்லை. வெலிங்டனில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்?

தேடவேண்டிய இடம் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் உள்ளன. தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு இருக்கும். சக கைதிகள் கொடுத்த சான்றும் அதில் இருக்க வாய்ப்புண்டு. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு 1972-இல் தந்த தாமிரப் பத்திரம் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லியாகவேண்டும். மலேயாத் தமிழர் 'பர்மாப் பக்கம் போனார்' என்றால் அது சயாம்–பர்மா ரயில் பாதையாகவும் இருக்கலாம். 1942–43-இல் ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் போட்ட அந்தப் பாதைக்குத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் கணக்கில் அடங்கார். அங்கிருந்து தப்பி வந்தவர் வாய் திறக்காததை ஐ.என்.ஏ. கதையாக வீடு மாற்றி வைத்திருக்கக்கூடும். அவர் 'தண்டவாளம்', 'கட்டை', 'கூலி' என்ற சொற்களை எப்போதாவது சொன்னாரா, 'கேம்ப்', 'பரேட்', 'ஜெய் ஹிந்த்' என்று சொன்னாரா என்று வீட்டு மூத்தவர்களைக் கேளுங்கள். கொள்ளுப்பாட்டியைப் பற்றியும் விசாரியுங்கள். ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலேயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தார்கள். ஆண்களைவிட அவர்கள்தான் இன்னும் அதிகம் மறைத்தவர்கள், கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம்.

கேள்வி: தாத்தா 1942-இல் சேர்ந்து 1946-இல் ஆட்குறைப்பில் வந்தவர். பென்ஷன் இல்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. பாட்டிக்கு 88 வயது. ஏதாவது கிடைக்குமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசின் மாதாந்திர நிதியுதவி உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பாருங்கள். மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் 65 வயதுக்கு மேல் தரும் உதவி 2025-இல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியுமா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். தாத்தா பட்டாளத்தை விட்டு வந்த பிறகு கல்யாணம் செய்திருப்பார், ராணுவ ஏட்டில் பாட்டியின் பெயரே இருக்காது. வாரிசுச் சான்று, பெயர் வித்தியாசத்துக்கு 'இருவரும் ஒருவரே' என்ற சான்று இரண்டையும் தாசில்தாரிடம் முதலிலேயே வாங்கிவிடுங்கள். அலுவலகம் கேட்டபின் அலைவதற்கு 88 வயதில் நேரமில்லை.

கேள்வி: பெரியப்பா எழுதிய பழைய கடிதங்கள் எல்லாவற்றிலும் '56 ஏ.பி.ஓ.' என்றுதான் முகவரி. அது எந்த ஊர்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஊரே இல்லை. சிப்பாய் இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்கான பொது முகவரி அது. கிழக்குப் பகுதிக்கு 99 ஏ.பி.ஓ. ஆனால் உறையின் தபால் முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'எஃப்.பி.ஓ.' என்று போட்டு ஒரு எண் இருக்கும், அது களத் தபால் நிலையத்தின் எண். எந்தத் தேதியில் எந்த எண் எங்கே இயங்கியது என்பதை ராணுவத் தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் முத்திரையின் படத்தைக் காட்டுங்கள். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள், முத்திரையில் பாதி அதோடு போய்விடும்.

கேள்வி: அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1971-இல் கிழக்கே இருந்தவர். ஐம்பது வருடம் பேசாதவர் இப்போது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். எப்படிப் பதிவு செய்வது? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள், திருட்டுத்தனமாக ரெக்கார்ட் செய்யாதீர்கள். காலை டிபனுக்குப் பிறகு நாற்பது நிமிடம் போதும். ஃபேனை நிறுத்துங்கள், பதிவில் அதுதான் பாதிக் குரலைத் தின்னும். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, அவருக்கு ஒரு முழ தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள். வாட்ஸாப் குரல்பதிவு வேண்டாம், சத்தத்தைச் சுருக்கிவிடும். போனில் உள்ள ரெக்கார்டரே மேல். அன்றைக்கே தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

சாப்பர்காரரிடம் 'போர் எப்படி இருந்தது?' என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். 'என்ன பாலம் போட்டீங்க? எத்தனை பேர் தூக்கணும்? ராத்திரியில எப்படி நட்டு போல்ட் மாட்டுவீங்க? கண்ணிவெடிய எப்படித் தேடினீங்க?' என்று தொழிலைக் கேளுங்கள். கை தானாகவே அசைந்து காட்டத் தொடங்கும், அதை மட்டும் வீடியோ எடுக்கலாம். எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், லங்கரில் (பட்டாளச் சாப்பாட்டுக்கூடத்தில்) என்ன சாப்பாடு என்பதும் நல்ல தொடக்கம். புரியாத இந்திச் சொல்லை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிட்டு என்றால் முதுகுப் பை, காலைப் பலகாரம் அல்ல. தேதியைத் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், பிறகு ரெக்கார்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவர் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டில் மறுபடி தொடங்குவார்.

கூட இருந்து இறந்தவர்களின் பெயர் வந்தால் அந்தப் பகுதியைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். 'உடனே உயிர் போய்விட்டது, கஷ்டப்படவில்லை' என்று அந்த வீட்டுக்குச் சொல்லியிருப்பார்கள். நடந்தது வேறாக இருந்தால் அது உங்கள் வீட்டுப் பதிவிலிருந்து அவர்களுக்குப் போய்ச் சேரக்கூடாது.

தண்ணீர் கேட்டார், துண்டை மடித்து மடித்துப் பிரிக்கிறார் என்றால் அன்றைக்குப் போதும். நிறுத்தியதும் எழுந்து போய்விடாதீர்கள், கூடவே உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள், நெல் விலையைப் பேசுங்கள். அன்று ராத்திரி எப்படித் தூங்கினார் என்று அம்மாவைக் கேட்டுவிட்டு அடுத்த பதிவின் நாளைக் குறியுங்கள்.